தங்கச்சிக்கு மனசு சரியில்லை

ஷைனியை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டாவது போயிருப்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கான வயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் கம்பெனி. அங்கே அவள் செக்கிங் சீட்டில் இருந்தாள். பெல்ட்டில் வரும் கட்டைத் தடவிப் பார்த்து, சரியாகச் சொருகாததை ஒதுக்க வேண்டும். பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் அந்த நாற்காலியைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள். அப்பா போன பிறகு, தனக்கென்று ஷைனி நினைத்திருந்த ஒரே இடம் அது.

சில மாதங்களாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலை வாரிக்கொள்வதுகூடப் பெரிய வேலையாக இருந்தது. அம்மா ஞானம்மா சபையில் ஜெபம் வைத்தாள். கடைசியில் டாக்டர், இது மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதை அவள் வெளியே ஒருவரிடம்தான் சொன்னாள். சூப்பர்வைசர் அன்புசெல்வன். வாய் நிறையத் தங்கச்சி என்பவர். காய்ச்சலில் கிடந்தபோது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கே வந்து பார்த்தவர். கூடப் பிறந்தவர் இல்லாத பெண், அந்த ஒரு சொல்லில் உருகிப்போயிருந்தாள்.

மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசுகிற மீட்டிங்கில் அவர் குரல் தழுதழுத்தது.

"நம்ம ஷைனி தங்கச்சிக்கு மனசு சரியில்லப்பா. மாத்திர சாப்ட்டுக்கினு இருக்குது. யாரும் அத பேஜார் பண்ணாதீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே அவள் சீட்டு, அதே லைனில் வேலை செய்த வினோதாவுக்குப் போனது. ஷைனிக்கு மூலையில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. இதற்கு முன் அங்கே வேலை செய்த பூமிகாவுக்குக் கரு தங்காத கதையும் இப்படித்தான் லைன் முழுக்கத் தெரிந்தது. பூமிகா அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வேலையை விட்டுப் போனாள்.

பெண்கள் ஷைனியிடம் மெல்லப் பேசினார்கள், பிறகு பேசுவதையே விட்டார்கள். அட்டை வெட்டும் கத்தியை அவள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்தார்கள். பாவி மகள், அந்தக் கத்தி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நாளெல்லாம் பெட்டி மடித்தாள். வீட்டில் சொன்னால், அண்ணன் மாதிரி ஒருத்தர் பார்த்துக்கொள்ளும்போது உனக்கு என்ன குறை என்றாள் ஞானம்மா. அடுத்த வாரத்திலிருந்து ஷைனி வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும் என்று அன்புசெல்வன் போனில் சொன்னதற்கும் சரி என்றுவிட்டாள்.

வீட்டில் கிடந்தால் இனி எழுந்திருக்கவே மாட்டோம் என்பது ஷைனிக்குத் தெரியும். மறுநாள் மீட்டிங்கில் முன்னால் வந்தாள்.

"எனுக்கு என் சீட்டு ஓணும் சார்."

"இன்னா தங்கச்சி, அண்ணன போயி சார்ன்ற?"

"நான் உங்க தங்கச்சி இல்ல சார். மாத்திரயும் சாப்டுறன், வேலயும் செய்வன்."

அன்புசெல்வனுக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார்.

"பாத்தீங்களாப்பா? பாவம், அது பேசல. நோவு பேசுது."

இனி ஷைனி எதைப் பேசினாலும் நோவுதான் பேசும். அழுதாலும் அதுதான், வாய் மூடி நின்றாலும் அதுதான். அப்படியே திரும்பி மூலைக்கு நடக்கத் தொடங்கினாள்.

"அந்த மாத்திரய நானும்தான் சாப்டுறன் சார்."

வினோதா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"போன வருசத்துலேர்ந்து சாப்டுறன். எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது. சாப்ட்டுக்கினுதான் இவ சீட்டுல உக்காந்திருக்கறன். என்னயும் மூலைல போடுங்க."

பின்வரிசையில் எல்லாருக்கும் மூத்தவளான கன்னியம்மா முணுமுணுத்தாள்.

"மூலைல எடம் பத்தாது போலக்குதே."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அன்புசெல்வன் வாயைத் திறந்தார். தங்கச்சி என்ற சொல் அவருக்கு வரவில்லை. மணி அடித்து, பெல்ட் ஓடத் தொடங்கியது. வினோதா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தாள். ஷைனி போய் உட்கார்ந்தாள். அவர் தடுக்கவில்லை.

சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. உடம்பு கல்லாகக் கனத்தது. நாளைக்கு அவர் வேறொரு சொல்லோடு வருவார், அதற்கும் எதிரே நின்றாக வேண்டும். முதல் கட்டு வந்தது. தடவிப் பார்த்து அனுப்பினாள்.

வினோதா அவள் காதருகே குனிந்தாள்.

"நாஷ்டா துன்ட்டுதான மாத்திர போட்ட? வெறும் வயித்துல போட்டா கொமட்டும்."

"ம்" என்றாள் ஷைனி.