மல்லப்பனின் பனிக்காலத்துக் கோட்டு

கடல் தாண்டப் பெட்டி கட்டியதால்தான் பட்டுப்புழு செத்தது என்றால், போன வருஷம் கெம்பம்மா வீட்டில் ஏழு தட்டுப் புழு செத்ததே, அங்கே யார் கடல் தாண்டினார்கள்? சொல்லட்டுமே. மல்லப்பனால் குடும்பத்துக்கே சாபம் வந்தது என்று மண்டி மொஹல்லாக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு பேசினவர்களில் ஒருத்தியாவது அந்தப் பெட்டியை மோந்து பார்த்தாளா? மோந்து பார்த்தவள் அவன் அக்கா பழனாத்தாள் மட்டும்தான்.

ராமாபுரத்தில் தாயும் தகப்பனும் போன பிறகு, தம்பியைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள் அவள். ஊர் ஓரத்துக் கொல்லையில் முசுக்கொட்டை வைத்து, அந்த இலையைப் போட்டு வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்தாள். மல்லப்பன் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவன். புழு இலை தின்னும் சத்தம் தூறல் விழுவது போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டே எந்தத் தட்டில் புழு சுணங்குகிறது என்று சொல்லிவிடுவான். அரசாங்கப் பட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது, பெரிய துரையே இதைச் சோதித்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாராம். ஜப்பானுக்குப் போய்ப் பதினாலு மாசம் புழு வளர்ப்புப் பழகிவர ஓர் ஆள் வேண்டும் என்றபோது, படித்தவர்களை விட்டுவிட்டு இவன் பெயரைத்தான் எழுதினார்கள்.

போகிற இடத்தில் நாலு காலம் என்றார்கள். இறங்கும்போது குளிர் முடிந்து பூக்கிற காலம், அப்புறம் விடாத மழை, அப்புறம் புழுக்கம், கடைசியில் பனி.

"பனின்னா நம்ம மார்கழிப் பனியாடா?" என்றாள் பழனாத்தாள்.

"இல்லக்கா. கூரை மேல முழங்கால் உசரத்துக்கு நிக்குமாம்."

"நிக்குமா? அப்ப வேட்டியைக் கட்டிக்கிட்டு அதுல எப்படி நடப்பே சாமி?"

தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றை அவளே தேடி வாங்கிவந்தாள். பூச்சி அரிக்காமலிருக்கக் கடைக்காரர் பைகளுக்குள் ஏதோ போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அவளுக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. தம்பி பண்ணையில் வேலையை ஒப்படைக்கப் போயிருந்தான், நாலு நாள் வரவில்லை. கோட்டைத் தகரப்பெட்டியில் வைத்தாள். சீமைக்குப் போகிற பெட்டி கண்ட இடத்தில் கிடக்கலாமா? வீட்டிலேயே ஒழுகாத, சுத்தமான அறை புழு அறைதான். அங்கே கொண்டுபோய் மூடியைத் திறந்தே வைத்தாள், துணிக்குக் காற்றுப் படட்டும் என்று.

புழு அப்போதுதான் மூன்றாம் ஜுரம் தெளிந்து, அதாவது மூன்றாவது தோலை உரித்துவிட்டு, பசியோடு எழுந்திருந்தது. மறுநாள் இலையைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் பச்சையாகக் கக்கியது. மூன்றாம் நாள் தட்டுத் தட்டாகக் குப்பைக் குழிக்குப் போயிற்று. தட்டுகளைக் கழுவ இடம் வேண்டும் என்று பெட்டியை மூடி வெளித் தாழ்வாரத்தில் தள்ளினாள்.

மல்லப்பன் வந்து காலித் தட்டுகளைப் பார்த்தான். குழாயடிப் பேச்சு அதற்கு முன்பே அவன் காதில் விழுந்திருந்தது.

"நான் போகலீக்கா. கால் எடுத்து வைக்கறதுக்கு முன்னயே இப்படி ஆயிப்போச்சு. திங்கக்கிழமை பண்ணையில சொல்லிப்போடறேன், வேற ஆளை அனுப்பட்டும்."

அவள் எவ்வளவோ கத்தினாள். அவன் அசையவில்லை. சரி, துணிகளையாவது எடுத்து மடித்து வைப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்தாள். சளி விட்டிருந்தது. மூடியைத் தூக்கினதும் மூக்கில் அறைந்தது அந்துருண்டை வாசம்.

புழு இருக்கிற வீட்டில் ஊதுவத்தி ஏற்றமாட்டாள், பொடி போடுகிறவரை உள்ளே விடமாட்டாள். அப்படிப்பட்டவள் தன் கையாலேயே விஷத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? தம்பியும் கூடவே இருப்பான். உலை கொதித்து அடங்குகிற நேரம் யோசித்தாள். பிறகு கோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் குழாயடிக்கு நடந்தாள்.

"கெம்பம்மா, இதை மோந்து பாரு!"

"அய்யய்யோ, அந்துருண்டை! தூரம் எடு பழனாத்தா!"

"இதைப் புழு ரூம்புல வெச்சவ நானு. சாபமும் இல்ல, மண்ணும் இல்ல. இனிப் பேசறதுன்னா என்னைப் பேசு. எந் தம்பி பேரை எடுத்தீன்னா குடம் முழுசா வீடு போய்ச் சேராது, ஆமா!"

பின்னாலேயே ஓடிவந்த மல்லப்பன் நின்று கேட்டான். வீடு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தான். "அக்கா, இதைப் போட்டுக்கிட்டு நான் அங்க போயிருந்தா, புழு வளர்க்கற வீட்டு வாசப்படியைக்கூட மிதிக்க விட்டிருக்க மாட்டாங்க."

அவன் போவது என்று முடிவாயிற்று, ஆனால் அந்தக் கோட்டு போயிற்று. பனிக்கு என்ன செய்வது? பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிய கூடுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. நூல் எடுக்க ஆகாது, தூக்கி எறிய மனசு வராமல் வைத்திருந்தாள். அவற்றைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, அலசி, கையால் பிரித்துப் பிரித்துப் பஞ்சாக்கினாள். அதை இரண்டு துணிக்கு நடுவில் பரப்பி, விரல்கடைக்கு ஒரு தையல் போட்டுக் கோட்டாகத் தைத்தாள். துளி வாசம் கிடையாது, கனமும் கிடையாது. மூன்றாம் நாள் கெம்பம்மா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நோடு, இங்க பாரு, நானும் கொஞ்சம் பிரிச்சுக் குடுக்கறேன்."

"இழு. ஊர்ப் பேச்சை இழுக்கற கைக்கு இது எம்மாத்திரம்?"

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை அவன் புறப்பட்டான். பெட்டியில் காலத்துக்கு ஒரு மூட்டை, மூட்டைக்கு ஒரு நிறப் பட்டு நூல். முதலில் வேண்டியது மேலே. அவனுக்கும் எழுத்துத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது, ஆனாலும் அவள் எந்த மூட்டை எந்தக் காலத்துக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். கோட்டை மட்டும் உள்ளே வைக்க விடவில்லை.

"போட்டுக்க."

"அக்கா, வெயில் காயுது. அங்க போயி மழையும் புழுக்கமும் முடிஞ்சப்புறம்தான் பனியே."

"தெருமுனை வரைக்கும் போட்டுக்க. பார்க்கறவங்க பார்க்கட்டும்."

"வேர்க்குதுக்கா."

"வேர்க்கட்டும்."

அவன் பொத்தானைக் கழுத்துவரை போட்டான். பெட்டியைத் தோளில் ஏற்றினான். குழாயடியில் அத்தனை பேரும் பார்த்து நிற்க, முகமெல்லாம் வேர்வை வழிய, வலது காலை எடுத்து வைத்து வாசலைத் தாண்டினான்.