மாட்டு வைத்தியரும் எங்கள் கல்யாண வீடியோவும்

எங்கள் மாட்டுக் கொட்டிலில் நின்று ஊருக்குப் புதிதாக வந்த மீசைக்காரக் கால்நடை வைத்தியர் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். நான் வாளித் தண்ணீரை வார்த்துக்கொண்டிருந்தேன். "காணும் அண்ணை, என்னையும் குளிப்பாட்டப் போறியளோ?" என்று அவர் சிரித்தபோதுதான் என் நெஞ்சு ஆடிய கூத்தைக் கவனித்தேன். பண்டத்தரிப்பில் தொந்தியும் நரையுமாக இரண்டு பிள்ளைகளின் தகப்பன் நான். முதலில் வாய்வுக் கோளாறு என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் மாட்டுக்கு வந்த வருத்தங்கள் உலகில் எந்த மாட்டுக்கும் வந்திராது. ஒருநாள் செருமியது என்றேன். இன்னொருநாள் யோசித்துக்கொண்டு நிற்கிறது என்றேன். பாவம், எல்லாவற்றுக்கும் அவர் வந்தார். என் மனைவி மட்டும் குசினி வாசலில் நின்று சொன்னாள்: "மாட்டுக்கு ஒண்டுமில்லை. உங்களைத்தான் பாக்கச் சொல்லவேணும்."

அன்றிலிருந்து எனக்கு என்மீதே சந்தேகம். ஆணென்றால் பெண்ணை விரும்புவான். இல்லையென்றால் அவன் மற்ற வகை. எனக்குத் தெரிந்தது இந்த இரண்டு பெட்டிகள்தான். வைத்தியரைக் கண்டு நெஞ்சு துள்ளியது உண்மையென்றால், மனைவிமீது இத்தனை காலம் வைத்த ஆசை பொய்யாகத்தானே வேண்டும்? துப்பறிவதற்காக, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கல்யாண வீடியோவைப் போட்டேன். ஐயர் மந்திரம் சொல்கிறார். மாப்பிள்ளையோ தலைப்பாகை சரிந்ததுகூடத் தெரியாமல் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவு அசடு வழிய நடிக்க எவனாலும் முடியாது. ஆக, இரண்டு குற்றங்களுக்கும் சாட்சி இருந்தது.

ஒன்றும் அறியாமலே வைத்தியர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி காரணம் கேட்டாள். சொல்லிவிட்டேன்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னோடை நடிச்சனீங்களோ?"

"இல்லையப்பா."

"அப்ப டொக்டர்?"

"அதுவும் உண்மைதான்."

"ரெண்டும் எப்பிடி உண்மையாகும்? ஒண்டைச் சொல்லுங்கோ!"

"ஒண்டை மட்டும் சொன்னால்தான் அது பொய்."

அவள் நான் தின்னாத சோற்றை எடுத்துப்போய் மாட்டுக்குக் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு, "முந்தி ஊரிலை பாதிச் சனத்திலைதான் எனக்குச் சந்தேகம். இனி முழுச் சனத்திலையுமோ?" என்றாள். சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே அனுமதி இல்லை.

"போறதெண்டால் இப்பவே போங்கோ."

"எங்கை போறது? நான் இஞ்சைதான்."

பொழுதுபட்டதும் வாசல் படலையைச் சாத்தினாள். என்னை உள்ளே வைத்துத்தான் சாத்தினாள். பிறகு சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இப்போதும் தினமும் அப்படித்தான். வெளியாள் எவரும் வராமலிருக்கவா, உள்ளே இருப்பவன் போகாமலிருக்கவா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.