மாமியின் தண்ணீர்ச் சட்டம்

போன கிழமை ஹம்பேர்க்கிலிருந்து என் சிநேகிதி போன் எடுத்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். கோடை விடுமுறைக்குக் கணவரோடு கப்பலில் நோர்வே போக ஆசையாம். போகலாமா?

டொக்டரைக் கேட்டாயா என்றேன். அவர் எப்போதோ சரி சொல்லிவிட்டாராம். "உன்ரை மாமியைக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

என் கணவரின் அம்மா அப்படிப்பட்ட ஆள். ஜெர்மன் டொக்டர் ஆயிரம் சொன்னாலும், மாமியின் முத்திரை விழாமல் எங்கள் பக்கத்துப் பிள்ளைத்தாச்சிகள் வாசல் தாண்ட மாட்டார்கள். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கப்பல்... கடல்... ஐந்து மாதம்... 'கூடாது' என்ற பதிலை அப்படியே அவளுக்குச் சொல்லத் தயாராக நின்றேன்.

"ஆசையெண்டால் போகட்டும்" என்றார் மாமி. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்.

நிபந்தனை கடைசியில். முதலில் அந்தப் 'போகட்டும்' எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு இரண்டு வருஷம் பின்னால், இத்தாலிக்குப் போக வேண்டும்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். ஓகஸ்ட் வெயில். குடும்பத்தில் எல்லோருடைய பயணப் பத்திரமும் ஒன்றாகச் சரிவந்த முதல் கோடை அது. விடுவோமா? பான் நகரிலிருந்து என் கணவரின் சகோதரியான மச்சாளும் அவர் கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு வான் வண்டியோடு ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து இறங்கினார்கள். மாமி, நான், இவர். மொத்தம் ஏழு பேர். வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஏழரை.

எனக்கு இத்தாலியில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் ஸ்டுட்கார்ட்டில் ஒரு இத்தாலிக்காரரின் ஐஸ்கிறீம் கடையில் நாலு வருஷம் கிளாஸ் கழுவினேன். கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் வெனிஸ் படம். வீடுகளுக்கு நடுவே தண்ணீர், தண்ணீரில் படகு, படகில் தொப்பி போட்ட ஒரு பெண். நாலு வருஷம் அவளையே பார்த்துக்கொண்டு கிளாஸ் கழுவினால் என்ன தோன்றும்? ஒரு நாளைக்கு அவள் இடத்தில் நான் இருக்கவேண்டும் என்றுதான் தோன்றும்!

டொக்டரிடம் கேட்டேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள், சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்றார்.

மாமியின் சட்டம் வேறு. பிள்ளைத்தாச்சி தண்ணீரைக் கடக்கக் கூடாது.

வான் புறப்பட்டு, முதல் ஆறு வந்ததுமே வழக்கு ஆரம்பித்தது. மச்சாளின் கணவர் வண்டியை மெதுவாக்கி, மாமி, இப்ப என்ன செய்யிறது என்று கேட்டார். அவருக்கு எப்போதும் நக்கல். மாமி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: பாலத்தில் போனால் பாதகமில்லை, வள்ளத்தில்தான் ஏறக் கூடாது. அவ்வளவுதான், என் நாலு வருஷக் கனவு ஓட்டோபான் நெடுஞ்சாலையிலேயே செத்தது.

மற்றபடி மாமி என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார், அதையும் சொல்லவேண்டும். வானுக்குள் மூன்று நாளைக்குப் போதுமான புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல், ஒரு ரைஸ் குக்கர். மற்றவர்கள் பீட்சா சாப்பிடும் நாட்டில் நாங்கள் பார்க்கிங்கில் பாய் விரித்துப் புட்டுச் சாப்பிட்டோம். எனக்கென்றே ஆள் மூலம் எடுப்பித்த பச்சை மாங்காய் தனிப் பையில். மணிக்கு ஒரு தடவை கேட்பார்: "என்ன ஆசையெண்டு சொல்லு பிள்ளை. பிள்ளைத்தாச்சி கேட்டு இல்லையெண்டு சொல்லக் கூடாது."

ஒன்றுமில்லை மாமி என்பேன். வாய்க்குள் படகு படகு என்று வரும், விழுங்கிவிடுவேன்.

வெனிஸில் வானை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதற்குப் பிறகு கார் இல்லை, பஸ் இல்லை. பஸ் என்று ஓடுவதே படகுதான். மாமி அதை ஒரு பார்வை பார்த்தார். நடப்பம் என்றார்.

நடந்தோம். தெருவா அது? பத்து அடிக்கு ஒரு பாலம், பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. ஏறு, இறங்கு, திரும்ப ஏறு. முன்னால் என் வயிறு, பின்னால் நான். எனக்குக் குடை பிடித்தபடி, சேலைக்குக் கீழே சப்பாத்துப் போட்ட மாமி. ஒவ்வொரு பாலத்துக்குக் கீழும் படகுகள் போயின. அதில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்குக் கை காட்டியதாகவே எனக்குப் பட்டது. நான் கறுவிக்கொண்டே நடந்தேன்.

பெரிய சதுக்கம் வந்தது. புறாக்களோடு நின்று படம் எடுத்தோம். இவருடைய கமராவில் சுருள் முடிந்ததும் சுற்றுலாவும் முடிந்தது. இனி வந்த வழியே திரும்ப வேண்டும்.

மூன்றாவது பாலத்தில் மாமி படியில் குந்திவிட்டார்.

முழங்கால். காலையிலிருந்தே வலித்திருக்கிறது, வாயே திறக்கவில்லை. இப்போது எழும்ப முடியவில்லை. முகமெல்லாம் வியர்வை. படகில் போவோம் அம்மா என்று இவர் கெஞ்சினார். மச்சாளும் கெஞ்சினார். மாமி அசையவில்லை. அவர் மட்டும் படகில் போனால் நான் நடக்கவேண்டும், தான் பக்கத்தில் இல்லாமல் என்னை நடக்கவிட ஏலாதாம். நானும் படகில் வரக் கூடாதாம். பிறகு? கொஞ்ச நேரம் இருந்தால் கால் சரிவந்துவிடுமாம். உச்சி வெயிலில், கல்படியில்.

மாமியின் காலைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் கீழே ஒரு படகு போனது, உண்மையை ஏன் மறைக்க வேண்டும், அதையும் பார்த்தேன். பக்கத்தில் போய்க் குந்தினேன். ஏழு மாத வயிற்றோடு குந்துவது லேசான வேலையில்லை.

"மாமி, எனக்கு வள்ளத்தில போக ஆசையாக் கிடக்கு" என்றேன்.

மச்சாளின் கணவர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். பிள்ளைத்தாச்சி தண்ணீரைக் கடக்கக் கூடாது, சரி. பிள்ளைத்தாச்சி ஆசையாகக் கேட்டதை மறுக்கலாமா? இரண்டும் மாமியின் சட்டங்கள்தான். எது பெரிது?

மாமி என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"கிளாலியில வள்ளத்துக்குள்ள எனக்குப் பக்கத்தில ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தவள். உன்னைப்போலத்தான் வயிறு. அக்கரை வருமட்டும் என்ரை கையை விடேல்லை. இறங்கின சனத்துக்குள்ள ஆளைத் தவறவிட்டிட்டன். என்ன பிள்ளை பிறந்ததெண்டும் தெரியாது."

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் கடந்த கடல் அது. மாமியும் அந்த வழியாகத்தான் வந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் நாங்கள் ஒருவரும் கேட்டதே இல்லை. வழியெல்லாம் அவருடைய சட்டத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்த எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் மாமி, நடப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். "ஆசையெண்டு கேட்டுப்போட்டாய். இனிப் போகாமல் விடேலாது. வா."

படகில் என்னை நடுவில் இருத்தி, பக்கத்தில் இருந்துகொண்டு மாமி என் கையைப் பிடித்தார். என்ன பிடி அது! காப்பு என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. காற்று அடித்தது. இரண்டு பக்கமும் வீடுகள், தண்ணீருக்குள் இறங்கும் வாசல்கள்... ஐஸ்கிறீம் கடைச் சுவருக்குள் நான்! வயிற்றுக்குள் இருந்தவளும் சந்தோஷத்தில் இரண்டு உதை விட்டாள். மாமியின் உதடுகள் முதலில் எதையோ முணுமுணுத்தன. கொஞ்சத் தூரம் போனதும் முணுமுணுப்பு நின்றது. இன்னும் கொஞ்சத் தூரத்தில், அந்தா ஒரு கோயில் என்று எனக்கே காட்டத் தொடங்கிவிட்டார். கையை மட்டும் விடவில்லை.

கரையில் இறங்கியதும் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இதைக் காலமையே கேட்டிருக்கலாம்தானே பிள்ளை. என்ரை காலெண்டாலும் தப்பியிருக்கும்."

ஒக்டோபரில் மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இவள் வள்ளத்தில் போன பிள்ளை என்று மாமி பெருமையடித்தார். சட்டம் அன்றோடு திருத்தப்பட்டது.

திருத்தத்தோடு சேர்ந்ததுதான் அந்த நிபந்தனை: கடல் கடக்கும் பிள்ளைத்தாச்சியின் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, கரை சேருமட்டும் கையைப் பிடித்திருக்கவேண்டும். சிநேகிதியிடம் சொன்னேன். அங்கேதான் சிக்கல். அவள் கணவருக்கு ஹம்பேர்க் ஏரியில் படகு ஏறினாலே வாந்தி வருமாம். பிறகு யார் பிடிப்பது?

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமி முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்ப் போத்தலைத் தன் பயணப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.