மூடி போட்ட முப்பது நொடிகள்

அப்பா இறந்த அன்று காலை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நின்றிருந்தேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். வீட்டில் உட்கார முடியாமல் நானே போனேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அளவு, வாசகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. போட்டோதான் பாக்கி. கையில் இருந்தது பென்ஷன் அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர் போல அதில் இருப்பார்.

கடைக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மூஞ்சியே சரியா தெர்ல சார். வூட்ல வேற நல்ல போட்டோ எதுனா கீதா?"

அம்மாவுக்கு போன் செய்தேன். அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்: "வருஷக்கணக்கா அந்தக் கேமராவத் தூக்கிட்டுத் திரியிற. அதுல உங்கப்பா ஒரு தடவகூடவா இல்ல?"

இல்லை. நான் ஏரியை எடுப்பவன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் அந்தி நேரத்தில் டிரைபாடை நிறுத்தி, முப்பது நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால், தண்ணீர் அலையில்லாமல் வழவழவென்று ஆகிவிடும். நடந்து போகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். அப்பா தினமும் அந்தப் பாதையில்தான் வாக்கிங் போனார். என் படங்களுக்குக் குறுக்கே எத்தனையோ முறை போயிருக்கிறார். ஒன்றிலும் இல்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

எனக்கு ஆகாதவை புள்ளிகள். ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் கேமராவின் சென்சார் சூடாகி, படத்தின் இருட்டான இடங்களில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் முளைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதற்கு ஒரு வழி உண்டு. படம் எடுத்த கையோடு லென்ஸுக்கு மூடியைப் போட்டு, அதே முப்பது நொடிக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். முழுக் கறுப்பாக வரும். புள்ளிகள் மட்டும் அதே இடங்களில் இருக்கும். கம்ப்யூட்டரில் முதல் படத்திலிருந்து இதைக் கழித்தால் ஏரி சுத்தமாகிவிடும். சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும் என்பதால் கரையிலேயே நின்று எடுப்பேன். மூடி போட்ட கேமராவோடு ஒருவன் நிற்பதைப் பார்த்துச் சிலர் சிரித்துக்கொண்டே போவார்கள்.

அப்பாவின் கண்ணில் மூடி படவில்லை. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாலை, நடந்து முடித்து வேர்வையோடு வந்தவர் நேராக லென்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னையும் ஒண்ணு எடுப்பா. பின்னால ஏரி தெரியணும்."

கறுப்புப் படம் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. மூடியைக் கழற்றினால் அது வீண். எனக்கு எரிச்சல். "ஓடிட்டுதான் இருக்கு, நில்லுங்க" என்றேன்.

காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையைக் கையால் கோதினார். இந்த மாதிரிப் படத்துக்கு அசையக் கூடாது என்று என்னிடமே முன்பு கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டி, மூச்சை அடக்கி நின்றார். நெற்றியில் கொசு உட்கார்ந்தது. விரட்டவில்லை. லேசாகச் சிரித்தார், பாஸ்போர்ட் படத்தில் இல்லாத சிரிப்பு. நான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நொடிகளைப் பார்த்தேன்.

"வந்துச்சா?"

"ம். நல்லா வந்திருக்கு."

"வாட்ஸ்அப்ல போடு. உங்க சித்தப்பாவுக்கு அனுப்பணும்."

பிறகு இரண்டு முறை கேட்டார். அனுப்புறேம்பா என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். வேறொரு நாள் நிற்க வைத்து எடுத்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பேனர் பாஸ்போர்ட் படத்தோடேயே அச்சானது. "புள்ளி புள்ளியா இருந்துச்சு சார், கிளீன் பண்ட்டேன்" என்று கடைக்காரர் உதவி செய்த திருப்தியோடு சொன்னார். அப்பாவின் மூக்கோரத்து மருவும் அதில் போயிருந்தது. தெருமுனையில் அதைக் கட்டியபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். கறுப்புப் படங்கள் எதையும் நான் அழிப்பதில்லை. அந்த மாலையின் கோப்பும் இருந்தது. மூடிக்குள் எதுவும் வந்திருக்காது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் வெளிச்சத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்டத் திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் வந்தன.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "என்னடா இது?"

"அப்பா போட்டோம்மா."

அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து தேட ஆரம்பித்தாள்.