டப்பாவில் குறைந்த குத்துச்சண்டைக்காரர்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தபோது, சிகரெட் பெட்டிக்குள் வரும் குத்துச்சண்டைக்காரர் படங்களைச் சேர்த்துவந்தேன். நான் புகைப்பதில்லை. வக்கீலைப் பார்க்க வந்த கட்சிக்காரர்கள் வீசிப்போன பெட்டிகளில் கிடைத்தவைதான். முன்பக்கம் கையுறை மாட்டிய ஆள். பின்பக்கம் ஒரு நம்பரும் அவன் கதையும் ஆங்கிலத்தில். ஐம்பதில் நாற்பத்தொன்று சேர்ந்திருந்தது.

அந்த வருஷம் என் மனைவியின் தம்பி மல்லசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஒரு பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்கினான். இரண்டாம் மாதம், படங்களைப் போட்டுவைத்திருந்த டப்பாவில் ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்று. யாரிடமும் கேட்காமல், படங்களை நம்பர் வரிசையில் அடுக்கி ஒன்றை மட்டும் தலைகீழாக வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் பார்த்தால் அதை யாரோ நேராக்கியிருந்தார்கள்.

அதன்பின்னும் படங்கள் குறைந்துகொண்டே வந்தன. மச்சினன் சாப்பிடும்போதுகூட அவன் மடியைத்தான் பார்த்தேன். எங்கோ விற்கிறான் என்று முடிவுகட்டி, மனைவியிடம் சொன்னேன்.

"எங்க ஊட்டுல திருடற பழக்கமில்லீங்க" என்றாள்.

சனிக்கிழமை அவன் வேலை விடும் நேரத்துக்குக் கிடங்கின் பின்புறம் போய் நின்றேன். சுவரில் ஆறு படங்கள் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தன. அவனும் இரண்டு கூலியாட்களும் அவற்றைப் பார்த்துப் பார்த்து முஷ்டியை மடக்கி, தலையைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பின்பக்க எழுத்தெல்லாம் போய்விட்டதே! பிய்த்தேன், இரண்டு கிழிந்தன.

மேஸ்திரி எடுத்ததற்கெல்லாம் கை நீட்டுகிறான் என்றார்கள் கூலியாட்கள். மச்சினன் தலை குனிந்து, "திருப்பி அடிக்கறதுக்கில்லீங்க மாமா, அடி படாம இருக்கறதுக்குத்தானுங்க" என்றான்.

நான் நம்பவில்லை. அவன் இருக்கும் அறையில் சட்டையைக் கழற்றி மாட்டக்கூட யோசித்தேன்.

மறுமாதம் மேஸ்திரி ஓங்கிய கைக்கு அவன் சட்டென்று விலகிவிட்டான். அடி இரும்புத் தூணில் விழுந்து மேஸ்திரிக்கு இரண்டு விரல் முறிந்தது. மச்சினன்தான் அடித்தான் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவன் சொன்னது நிஜம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதலாளிக்கு நடந்ததை எழுதி ஒரு மனு தயார்செய்து, அவனைக் கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

அவன் காகிதத்தை வெகுநேரம் புரட்டிப் பார்த்தான்.

"என்ன எழுதியிருக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே மாமா" என்று சொல்லி, கைநாட்டு வைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஊருக்குப் போய்விட்டான்.