எழுபத்து மூன்று வரிசை

கோயிலில் பத்தாயிரத்து ஒரு விளக்கு ஏற்றுவதாக முடிவானது. பத்தாயிரத்தோடு நிறுத்த மாட்டார்கள். நல்ல காரியத்துக்கு ஒன்று கூட்டித்தான் வைப்பது. வீட்டுக்கு வீடு விளக்குப் பதிந்தார்கள். கடைசியாகப் பதிந்தது நான். சீமெந்துக் கல் செய்கிற வாடியில் வேலை முடித்துப் போகப் பிந்திவிட்டது.

விளக்கேற்றுவதற்கு முதல்நாள் காலை வாவிக்கரை வெளியில் கயிறு கட்டினார்கள். நூறு வரிசை, வரிசைக்கு நூறு. என் விளக்கு மிஞ்சியது.

கோயில் பொறுப்பாளர் வண்ணக்கர் சொன்னார்: "உங்கட விளக்க வாசல்ல தனிய வைப்பம் அக்கா."

"வரிசையில வைங்க."

"ஒண்டு கூடுது கா. எங்க வைக்கிற?"

புருஷன் போன பிறகு கல்யாண வீட்டிலும் என்னை ஓரமாகத்தான் இருத்துவார்கள். அதற்கு நான் வாய் திறந்ததில்லை. விளக்குக்குத் திறந்தேன்.

"வரிசைய மாத்திக் கட்டுங்க. அடங்கும்."

கல்லடியில் கணக்குப் படிப்பிக்கிற சேர் ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்தார். "அது முதன்மை எண் அக்கா. எதாலயும் பிரியாது. பார்த்தாலே தெரியுது."

"பிரிச்சுப் பார்த்தீங்களா சேர்?"

"நீங்க பாருங்களன். பின்னேரத்துக்குள்ள கொண்டு வந்தா, இவ்வளவு கயிறையும் நானே அவிழ்த்துக் கட்டுறன்."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கல் அடுக்குகிறவள். வரிசையில் அடங்குமா, மிஞ்சுமா என்று பார்ப்பதுதான் தினமும் வேலை.

வாடியில் சீமெந்துப் பைக் கடதாசியைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். ஒன்றில் முடிகிற எண். இரண்டாலும் ஐந்தாலும் பிரியாது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு. மூன்றாலும் பிரியாது. நீளம், அகலம் இரண்டு பக்கமும் நூற்றைத் தாண்டினால் விளக்குப் போதாது. ஆகவே ஒரு பக்கம் நூற்றுக்குள் இருக்க வேண்டும். அதுவரை பார்த்தால் போதும்.

ஏழால் பிரித்தேன், மிச்சம் ஐந்து. பதினொன்றுக்கு இரண்டு. பதின்மூன்றுக்கு நான்கு. சோறு ஆறிப்போனது.

"இன்னும் விடல்லையா கா?" என்றாள் கூட வேலை செய்கிறவள்.

"இல்ல."

அறுபத்தேழுக்குப் பதினெட்டு மிச்சம். எழுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று. எழுபத்து மூன்றுக்கு மிச்சமில்லை.

வரிசைக்கு நூற்று முப்பத்தேழு. மூன்று தரம் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினேன்.

பின்னேரம் வாவிக்கரையில் சேர் போனில் பெருக்கினார். திரும்பவும் பெருக்கினார். "ஓம் அக்கா. முதன்மை எண் இல்ல. ரெண்டு முதன்மை எண்ணைப் பெருக்கி வந்தது. இத விட்டா வேற அடுக்கே இல்ல."

"கயிறு," என்றேன்.

வண்ணக்கர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "சாரத்த மடிச்சுக் கட்டுங்க சேர்!"

சேர் அவ்வளவு கயிறையும் அவிழ்த்துக் கட்டினார். குறை சொல்லக் கூடாது, நேராகவே கட்டினார்.

"உங்கட விளக்க எங்க வைப்பம் அக்கா?" என்று இந்தத் தரம் வண்ணக்கர் கேட்டார்.

நூறுக்கு நூறில் நடு விளக்கு என்று ஒன்று கிடையாது. இதில் உண்டு. முப்பத்தேழாவது வரிசை, அறுபத்தொன்பதாவது இடம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதுதான்.

மறுநாள் பொழுதுபட, அதை நானே ஏற்றினேன்.