மொரிதா அம்மாவைத் திருப்பி அனுப்பிய லீடர்

காலை எட்டு மணிக்கு எங்கள் தொழிற்சாலையில் நாற்பது பேர் வரிசையாக நின்று, பியானோ இசைக்குக் கையையும் காலையும் ஆட்டுவோம். அது முடிந்ததும் ஒருவர் முன்னால் வந்து, அன்றாட வாழ்க்கையில் தான் கற்ற பாடத்தை மூன்று நிமிடம் பேச வேண்டும். ஜப்பானில் இந்தக் காலைக் கூட்டத்துக்குச் சோரெய் என்று பெயர். போன மாதம் ஒருவர் கேத்தலில் படிந்த உப்பைச் சுரண்டும்போது தலைமைத்துவம் என்றால் என்னவென்று விளங்கிக்கொண்டாராம். இன்னொருவருக்கு அதை வீட்டுப் பூனை கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். எங்கள் தேயிலைத் தோட்டமான பூனாகலையில் இப்படிப் பேசியிருந்தால் ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கோயிலுக்கு இழுத்துப்போய் விபூதி போட்டிருப்பார்கள்.

எங்கள் தோட்டத்திலும் காலைக் கூட்டம் உண்டு. பெரட்டு என்போம். கொழுந்து பறிக்கப் போகிறவர்களை நிறுத்தி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று கங்காணி பிரித்துவிடும் இடம். அங்கே எவரும் வாழ்க்கைப் பாடம் நடத்தியதில்லை. பிந்தி வருகிறவரிடம் கங்காணி காரணம் கேட்க மாட்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் கையை நீட்டுவார். அவ்வளவுதான், அன்றைக்கு வேலை கிடையாது. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசி, கூடையை மாட்டிக்கொண்டு பனியில் ஓடிவந்த பெண், வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகும்போது அப்படித் திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் கடந்து போவார்கள்.

இங்கே, சைத்தாமா பக்கம், பெந்தோ என்கிற சாப்பாட்டுப் பெட்டிகளில் சோறும் மீனும் அடுக்கும் வேலை எனக்கு. ஐந்து வருடம் அடுக்கிய பிறகு போன மாசிமாதம் என்னை ஒரு லைனுக்கு லீடராகப் போட்டார்கள். மூன்று மாதம் பரீட்சார்த்தம், தேறினால் நிரந்தரம். நிரந்தர லீடராக இருந்து, இன்னொரு சோதனையும் பாஸ் பண்ணினால்தான் மலரையும் மகளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட முடியும். மலர் என் மனைவி. இன்னமும் பூனாகலையில் கொழுந்து பறிக்கிறாள். மகள் நடக்கப் பழகியதைக்கூட நான் போனில்தான் பார்த்தேன். இந்த லீடர் வேலை தவறினால் இன்னும் எத்தனை வருடம் போனில் பார்ப்பதோ, யாருக்குத் தெரியும்!

என் லைனில் எட்டுப் பேர். அதில் மொரிதா அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஒரு திங்கட்கிழமை அவர் நான்கு நிமிடம் பிந்தி, மூச்சு வாங்க வந்து குனிந்து கும்பிட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பரவாயில்லை என்று நானும் குனிந்திருக்க வேண்டும். எனக்குள் எந்தப் பேய் புகுந்ததோ தெரியாது, வாசல் பக்கம் கையை நீட்டினேன்.

"வீட்டுக்குப் போங்கள்."

லைனே அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், இன்னும் ஆழமாகக் குனிந்துவிட்டுப் போய்விட்டார். ஒரு ஆள் குறைந்து அன்றைக்கு நாங்கள் பட்ட பாடு நாய் படாது.

மறுநாள் மொரிதா அம்மா ஒரு பை நிறைய ஆரஞ்சு போன்ற ஜமநாரங்காய் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "நான் களைத்திருந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை தூங்கினேன்" என்றார். பையை வாங்கிக்கொண்டு குனிந்தேன். அதற்குள் கதை மேலே போய்விட்டது. தொழிற்சாலைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, தொழிலாளியின் களைப்பை முகத்திலேயே படிப்பவன்தான் லீடர், வெள்ளிக்கிழமை சோரெயில் இதைப் பற்றியே பேசு, அன்றைக்கே நிரந்தரக் கடிதம் தருகிறேன் என்றார். நான் ஒரு கங்காணித்தனம் பண்ண, இவர்கள் அதற்கு மாலை போடுகிறார்கள்! சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது. வியாழக்கிழமை பத்தரை மணி இடைவேளையில் இந்தப் பெருமையைச் சொல்ல மலருக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை ஏழு மணி. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க வேண்டியவள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பைப்புல தண்ணி வரலங்க. பாப்பாவுக்கு ராவெல்லாம் காய்ச்ச வேற. அஞ்சே நிமிசந்தான் பிந்துச்சு. கைய நீட்டி வீட்டுக்குப் போன்னுட்டான். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டானா? வெளங்குவானா அவன்?"

"நாசமாப் போறவன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே, வாசல் பக்கம் நீண்ட என் கைதான் கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை முன்னால் போய் நின்றபோது கடிதம் தலைவர் கையில் இருந்தது. எழுதி வைத்திருந்த பேச்சைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். "நான் அவர் களைப்பைப் பார்க்கவில்லை. பிந்தினார் என்று விரட்டினேன். நேற்று என் மனைவியையும் ஒருவன் இப்படித்தான் விரட்டினான்" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தன் பிழையை நாற்பது பேர் முன்னால் சொல்வதைவிடப் பெரிய தலைமைத்துவம் எது?" என்று கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். கேத்தல்காரர்தான் முதலில் கைதட்டினார். இந்த நாட்டில் ஒரு மனிதன் எப்படித்தான் வேலையை இழப்பது!

இடைவேளையில் மலரிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"கூப்பிட்டுக்கங்க, வாறோம். ஆனா ஒங்க லைன்ல மட்டும் என்னப் போட்றாதீங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சமாதானம் சொல்லிச் சொல்லி நேரம் போனதே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு ஓடினேன்; லைன் ஆறு நிமிடமாக எனக்காக நின்றுகொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது எனக்கே தெரிந்தது. மொரிதா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் ஒன்றும் கேட்காமல், வாசல் பக்கம் மெதுவாகக் கையை நீட்டினார்.

"வீட்டுக்குப் போங்கள், லீடர்."

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். நானும் குனிந்து கும்பிட்டுவிட்டு வாசல் வரை நடந்தேன். எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.